பித்தப்பைக்குப் பணம் உண்டு... மனசுக்கு மட்டும் இல்லையா?

"பேர் மட்டும் போடாதீங்க டாக்டர். ஆனா விஷயத்தை எழுதுங்க. என்னை மாதிரி இன்னொரு குடும்பம் ஏமாறக் கூடாது."

இப்படிச் சொன்னவர் ரிடையர்டு தலைமை ஆசிரியர். தியாகதுருகத்தில் என் கிளினிக்குக்கு இருபது வருஷமாக வருகிறவர். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னால் இன்றைக்கும் காதைத் திருகுவார் என்று ஊரில் அவருக்கு ஒரு பயம் உண்டு. அந்த மனுஷர் அன்று என் மேஜைமேல் இரண்டு ஃபைலை வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

முதல் ஃபைல் அவர் மனைவியுடையது. 2022-ல் பித்தப்பையில் கல். சேலத்தில் ஆபரேஷன். மூணு நாள் ஆஸ்பத்திரி வாசம், 96 ஆயிரம் ரூபாய் பில். கையிலிருந்து பத்து பைசா கட்டவில்லை. மொத்தத்தையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியே கட்டிவிட்டது. 'விரைவில் நலம் பெற வாழ்த்துகள்' என்று செல்போனுக்கு மெசேஜ் வேறு!

இரண்டாவது ஃபைல் அவர் மகளுடையது. அதே வீடு, அதே பாலிசி, அதே கம்பெனி. 2023-ல் அந்தப் பெண்ணுக்குப் பத்து நாள் தூக்கமே இல்லை. பேச்சு நிற்கவில்லை. நடுராத்திரியில் எழுந்து, கோட்டை மலைக்குப் போகவேண்டும் என்று கிளம்பியிருக்கிறாள். பாண்டிச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 17 நாள். பில் 84 ஆயிரம். கிளெய்ம் போட்டார். ஒரு மாசம் கழித்து பதில் வந்தது. ஒரே பாராதான். 'தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

"கல்லுக்குக் கொடுத்தாங்க டாக்டர். என் பொண்ணு மனசுக்குக் கொடுக்கலை" என்றார்.

எனக்கும் கோபம்தான் வந்தது. ஆனால் கடிதத்தை முழுசாகப் படித்த பிறகு கோபம் இரண்டு பக்கமும் திரும்பியது. அந்த இரண்டு பக்கத்தையும் உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே ஒரு வரிச் சட்டம்

முதலில் ஒரு கேள்வி. மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

என்னிடம் வருகிற படித்த குடும்பங்களில்கூட பத்துக்கு எட்டுப் பேர் "அப்படியா!" என்றுதான் கேட்கிறார்கள்.

இருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம். அதில் 21-வது பிரிவு, 4-வது உட்பிரிவு. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தருகிறீர்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தரவேண்டும். விஷயம் இவ்வளவுதான், ஒரே வரி.

அந்த ஒரு வரி வருவதற்கு நாம் எத்தனை காலம் காத்திருந்தோம் தெரியுமா?

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று மருத்துவமனை 1794-லேயே வந்துவிட்டது. இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் மூலம் அதுதான். ஆனால் சட்டம்? வெள்ளைக்காரன் 1912-ல் போட்ட பைத்தியக்காரர் சட்டம்தான் சுதந்திரம் வந்து நாற்பது வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. யாரை உள்ளே அடைப்பது, யார் கையெழுத்துப் போட்டு வெளியே விடுவது, சொத்தை யார் பார்த்துக்கொள்வது... அதன் கவலையெல்லாம் இதுதான். 1987-ல் மனநலச் சட்டம் வந்தது. அதுவும் அமலுக்கு வர 1993 ஆகிவிட்டது. பெயர் மாறியது. ஆனால் அதிலும் பெரும்பகுதி, சேர்ப்பதும் அனுப்புவதும்தான். நோயாளியின் உரிமை என்று பார்த்தால் கொஞ்சம்தான். அவர் குடும்பத்தின் செலவைப் பற்றிப் பேச்சே இல்லை.

இதற்கு நடுவில்தான் 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடிவதற்கு முன் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தார்கள். அன்று நாடே அழுதது. சுப்ரீம் கோர்ட் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

நாம் எல்லோரும் அன்று சங்கிலியைப் பற்றிப் பேசினோம். ஆனால் அந்த மனுஷர்களை அங்கே கொண்டுபோய் விட்டது யார்? பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும்தான். அவர்கள் கல்நெஞ்சக்காரர்களா? பலபேர் வைத்தியம் பார்க்க வழி தெரியாதவர்கள், பார்த்துப் பார்த்துக் கையிருப்பு கரைந்தவர்கள். காசு இல்லாத இடத்தில் பாசமும் ஒருநாள் களைத்துப்போகும். ஒரு குடும்ப டாக்டராக நான் இதைத் தினமும் பார்க்கிறேன்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2007-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. அதற்கேற்ப சட்டத்தை மாற்றவேண்டிய கட்டாயம் வந்தது. 2013-ல் ராஜ்யசபாவில் மசோதா வந்தது. 2017 மார்ச்சில் லோக்சபாவிலும் நிறைவேறி, ஏப்ரல் 7-ம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. 2018 மே 29-ம் தேதி அமலுக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் மட்டுமல்ல, ஆம்புலன்ஸிலும் அவசர சிகிச்சையிலும்கூட உடல் நோயாளிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை மனநோயாளிக்கும் உண்டு என்று அதே 21-வது பிரிவு சொல்கிறது.

சட்டம் வந்தும் நாலரை வருஷம்!

"அப்புறம் என்ன டாக்டர், பிரச்னை தீர்ந்ததே?" என்கிறீர்களா? இனிமேல்தான் கதையே!

நம் ஊரில் மெடிக்ளெய்ம் பாலிசி வந்தது 1986-ல். அதிலிருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக, பாலிசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். 'கீழ்க்கண்டவற்றுக்குப் பணம் கிடையாது.' பல கம்பெனிகள் அதில் மனநோயையும் சேர்த்து வைத்திருந்தன. சட்டம் வந்ததும் அந்த வரியை அடித்திருக்க வேண்டுமா, இல்லையா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஆகஸ்ட் 16-ம் தேதியே எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 'சட்டப்படி நடங்கள்' என்றது. ஆனாலும் பொடி எழுத்து பல பாலிசிகளில் அப்படியே இருந்தது. 2019 செப்டம்பரில், எந்தெந்த நோயை ஒதுக்கக் கூடாது என்று ஆணையம் தெளிவாகப் பட்டியல் போட்டது. மனநோயும் அதில் இருந்தது. பழைய பாலிசிகளைத் திருத்த 2020 அக்டோபர் 1 வரை நேரம் கொடுத்தார்கள். 2020 ஜூனில் விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போய், ஆணையத்துக்கே நோட்டீஸ் போனது.

2021 ஏப்ரல் 19-ம் தேதி டெல்லி ஹைகோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. ஒரு பெண்மணி மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றிருக்கிறார். பாலிசியில் மனநோய் கிடையாது என்று சொல்லி கம்பெனி கையை விரித்துவிட்டது. நீதிபதி பிரதிபா எம்.சிங் அதை ஏற்கவில்லை. சட்டம் அமலுக்கு வந்த 2018 மே 29-லிருந்தே கம்பெனிகள் கட்டுப்பட்டவை, பாலிசியில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்று சொல்லி, பணத்தைக் கொடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகும் 2022 அக்டோபர் 18-ம் தேதி ஆணையம் இன்னொரு சுற்றறிக்கை அனுப்பவேண்டி வந்தது. மாசக் கடைசிக்குள், அதாவது அக்டோபர் 31-க்குள், எல்லா பாலிசியிலும் மனநோய் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று கெடு வைத்தது. ஒரே ஒரு வரியை நடைமுறைக்குக் கொண்டுவர நாலரை வருஷம்!

கதவைச் சாத்தினால் ஜன்னல்

இது நம் ஊர் அதிசயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 1961-லேயே ஜனாதிபதி கென்னடி, மத்திய அரசு ஊழியர்களின் இன்ஷூரன்ஸில் மனநோயையும் உடல் நோயையும் சமமாக நடத்தச் சொன்னார். நாடு முழுமைக்கும் சட்டம் வர 1996 ஆனது. அதற்காகப் பாடுபட்டவர்கள் இரண்டு செனட்டர்கள். பீட் டொமினிச்சி, பால் வெல்ஸ்டோன். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள்! ஒருவருக்கு மகள், இன்னொருவருக்கு அண்ணன். இரண்டு வீட்டிலும் மனநோயின் வலி தெரியும். அதுதான் அவர்களைச் சேர்த்தது.

ஆனால் 1996 சட்டம் ஒரு விஷயத்தில்தான் சமத்துவம் கேட்டது. வருஷத்துக்கு இவ்வளவு, ஆயுளுக்கு இவ்வளவு என்கிற பண உச்சவரம்பில். கம்பெனிகள் என்ன செய்தன? பண வரம்பைச் சமமாக்கிவிட்டு, 'மனநோய்க்கு வருஷத்துக்கு இத்தனை தடவைதான் டாக்டரைப் பார்க்கலாம், இத்தனை நாள்தான் படுக்கை' என்று வேறு வேலி போட்டன. அந்த வேலியைப் பிடுங்க இன்னொரு சட்டம் 2008-ல் வரவேண்டியிருந்தது. அதற்குள் வெல்ஸ்டோன் 2002-ல் விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். அவர் பெயரையும் சேர்த்துத்தான் அந்தச் சட்டத்துக்கு வைத்தார்கள்.

கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாக வரும் பழக்கம் எல்லா ஊர்க் கம்பெனிக்கும் பொது. இங்கேயும் ஜன்னல்கள் இருக்கின்றன. எனக்குக் கண்ணில் படுகிற மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, உள் வரம்பு. பாலிசி லட்சக்கணக்கில் இருக்கும். உள்ளே ஒரு மூலையில் 'மனநோய்க்கு மட்டும் இவ்வளவுதான்' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். 2021-ல் டெல்லி ஹைகோர்ட்டுக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. பாலிசித் தொகை 35 லட்சம். மனநோய்க்கு 50 ஆயிரம்! இதற்கு எப்படி அனுமதி கொடுத்தீர்கள் என்று ஆணையத்திடமே கோர்ட் விளக்கம் கேட்டது.

இரண்டு, குடி. எங்கள் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. செத்தவர்களில் பலர் தினக்கூலிகள். குடிப்பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறும் மனநோய்தான் என்று 2017 சட்டமே சொல்கிறது. ஆனால் ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில், குடிநோய்க்கும் போதைப் பழக்கத்துக்குமான சிகிச்சையைக் கம்பெனிகள் ஒதுக்கி வைக்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. சட்டம் ஒரு கையால் கொடுப்பதை விதி இன்னொரு கையால் எடுக்கிறது! குடியை விடவேண்டும் என்று தானாக வந்து நிற்கிறவனுக்குத்தான் உதவி அதிகம் தேவை. அவனைத்தான் பாலிசி வெளியே நிறுத்துகிறது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஜன்னல். படுக்கை!

நம் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனநோய்க்கு எத்தனை பேர் படுக்கிறார்கள்? பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையும் ஆலோசனையும்தான் வைத்தியம். மாசம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ டாக்டரைப் பார்க்கவேண்டும். அது வருஷக்கணக்கில் ஓடும். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் உண்டு. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் (10.6 சதவிகிதம்) ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்கள் குடும்பங்கள் சிகிச்சைக்கும் பஸ்ஸுக்குமாக மாசம் ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை செலவழித்தார்கள்.

நம் ஆசிரியரின் கணக்கைப் பாருங்கள். மாசம் ஒரு தடவை, விடியக்காலையில் மகளோடு கிளம்பவேண்டும். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், பாண்டிச்சேரி என்று பஸ் மாறவேண்டும். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, ஹோட்டல் சாப்பாடு, திரும்பிவர ராத்திரி. வருஷத்துக்கு முப்பதாயிரம் ஆகிறது. 17 நாள் படுக்கைக்கு ஆனது 84 ஆயிரம். மற்ற ஏழெட்டு வருஷத்துக்கும் ஆனது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட எந்த கிளெய்மிலும் வராது.

"சர்க்கரை நோயாளிக்கும் மாத்திரைக்குப் பணம் தருவதில்லையே? எல்லோருக்கும் சமம்தானே?" என்று கம்பெனிக்காரர் கேட்பார். சட்டத்தின் வார்த்தைப்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் சமமாகப் பந்தியில் உட்கார வைத்து, இவருக்குச் சாப்பிட முடிகிற பதார்த்தத்தை மட்டும் சமைக்காமல் விட்டால் அது என்ன சமத்துவம்? சர்க்கரை நோயையும் சேர்த்தே கேட்போமே! புறநோயாளிச் செலவையும் ஏற்கிற பாலிசிகள் சில இப்போது இருக்கின்றன, பிரீமியம் அதிகம். அது எல்லா பாலிசியிலும் வரவேண்டும். மனநோயைப் பொறுத்தவரை, அது வராதவரை 21-வது பிரிவு பாதிச் சட்டம்தான். இது என் அபிப்பிராயம்.

இப்போது நம் பக்கம்

கம்பெனியைத் திட்டியாயிற்று. இப்போது அந்தக் கடிதத்தில் இருந்த இரண்டாவது பக்கத்துக்கு வருகிறேன்.

ஆசிரியரின் கிளெய்ம் ஏன் தள்ளுபடி ஆயிற்று தெரியுமா? மனநோய் என்பதற்காக அல்ல. 'பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்' என்பதற்காக.

மகளுக்கு முதல் தடவை உடம்பு சரியில்லாமல் போனது 2017-ல், காலேஜில் படிக்கும்போது. பாலிசி எடுத்தது 2018 ஜூலையில். விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இருந்தது. ஏஜெண்ட் பையன் அவருடைய பழைய மாணவன்தான். ஒளிக்காமல் கேட்டிருக்கிறான்.

"சார், பாப்பாவுக்கு பாண்டிச்சேரில பாக்கறீங்களே... அதைப் போடவா?"

"வேணாம்பா. நாளைக்கு வரன் பார்க்கணும். எங்கயாவது பேப்பர்ல இருந்தா வெளியே தெரிஞ்சிடும். இல்லைன்னு போட்டுடு."

'இல்லை' என்று ஒரு டிக். அவ்வளவுதான். 2023-ல் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவமனை எழுதியது, 'ஆறு வருஷமாக சிகிச்சையில் இருப்பவர்'. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான் கம்பெனிக்காரன். முடிந்தது கதை.

உண்மையைச் சொல்லியிருந்தால்? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அப்போது அதிகபட்சம் 4 வருஷம் காத்திருப்புக் காலம். 2022 ஜூலையோடு அது முடிந்திருக்கும். 2023-ல் அந்த 84 ஆயிரமும் உரிமையோடு கைக்கு வந்திருக்கும். ஒரு 'இல்லை'க்கு விலை 84 ஆயிரம் ரூபாய்!

"சொல்லியிருந்தா பாலிசியே கொடுத்திருக்க மாட்டாங்க டாக்டர்" என்று நீங்கள் சொல்லலாம். நடக்காத விஷயம் இல்லை. மனநோய் உள்ளவர்களுக்கு எந்த அடிப்படையில் பாலிசி தருகிறோம் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்று 2020-லேயே ஆணையம் உத்தரவு போட்டது. மனநோய் உள்ளவர்களுக்கும் சேர்த்து கட்டாயம் ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் சொன்னது. ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றைக் கேளுங்கள். மறுப்பதென்றால் காரணத்தோடு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பொய் சொல்லி வாங்கிய பாலிசி, மழை வரும்போது விரியாத குடை. பிரீமியம் மட்டும் வருஷா வருஷம் போய்க்கொண்டே இருக்கும்.

நான் ஆசிரியரைக் குறை சொல்லவில்லை. அவர் பயந்தது கம்பெனிக்கு அல்ல. தெருவுக்கு. நமக்கு! சர்க்கரை என்றால் சந்தையில் நின்று சத்தமாகச் சொல்கிறோம். பிரஷர் என்றால் பெருமையாகக்கூடச் சொல்கிறோம். மனசு சரியில்லை என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம். என் கிளினிக்கிலேயே பாருங்கள். "தூக்கம் வரலை, தலை பாரமா இருக்கு" என்று ஆரம்பித்து, கூட வந்தவர்கள் வெளியே போனபிறகுதான் உண்மை வரும். அதே நிம்ஹான்ஸ் ஆய்வு சொல்கிறது, வெவ்வேறு மனநோய்களில் நூற்றுக்கு எழுபதிலிருந்து தொண்ணூறு பேர்வரை சிகிச்சைக்கே வரவில்லை. வைத்தியத்துக்கே வராதவர் கிளெய்முக்கு எப்படி வருவார்? யாரும் கேட்காத உரிமையை எந்தக் கம்பெனியும் தேடிவந்து கொடுக்காது.

மறைப்பதற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள். "இது தீராத வியாதி, எழுதி என்ன ஆகப்போகுது?" தப்பு. மனச்சோர்வு சரியாகும். பதற்ற நோய் கட்டுப்படும். மனச்சிதைவுக்குக்கூட, தொடர்ந்து மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஆரம்பித்த ஸ்கார்ஃப் நிறுவனம் இத்தனை வருஷமாக இதைத்தானே செய்து காட்டிக்கொண்டிருக்கிறது? வியாதியைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு என்றால், அதற்குப் பணம் கேட்பதில் என்ன வெட்கம்?

நீங்கள் செய்யவேண்டியது

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து பாலிசியை எடுங்கள். ஆபீஸில் கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸாக இருந்தாலும் சரி. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

மனநோய்க்கென்று தனியாக உள் வரம்பு ஏதாவது இருக்கிறதா? இருந்தால், ஏன் என்று கம்பெனியை எழுத்தில் கேளுங்கள்.

காத்திருப்புக் காலம் எவ்வளவு? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம்தான். அதற்குமேல் போட முடியாது.

புறநோயாளிச் செலவு உண்டா? ஆலோசனைக் கட்டணம் உண்டா?

விண்ணப்பத்தில் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? ஏஜெண்ட் நிரப்பிக் கொடுத்ததா, நீங்கள் படித்துக் கையெழுத்துப் போட்டதா? ஏதாவது விட்டுப்போயிருந்தால் கிளெய்ம் வருவதற்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவித்துவிடுவதுதான் நல்லது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தீர்கள் என்று சொல்லித் தள்ளமுடியாது என்பது இன்றைய விதி. ஆனால் அந்த ஐந்து வருஷத்தை நம்பிப் பொய் எழுதாதீர்கள்!

கிளெய்மைத் தள்ளிவிட்டார்களா? சும்மா இருக்காதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான். ஒழுங்குமுறை ஆணையத்துக்கே 155255 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். கடிதத்தில் '2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 21(4)' என்று ஒரு வரி மறக்காமல் எழுதுங்கள்.

பாலிசியே இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு தாங்கவில்லை, யாரிடமாவது பேசவேண்டும் போலிருக்கிறது என்றால் 14416. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஆசிரியர் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த 84 ஆயிரம் போனது போனதுதான். மகள் இப்போது நன்றாக இருக்கிறாள், ஒரு ஜெராக்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறாள். போன மாசம் அவர் வேறொரு கம்பெனியில் விண்ணப்பம் போட்டார். ஃபாரத்தை ஏஜெண்டிடம் கொடுக்கவில்லை. என் கிளினிக்கிலேயே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் கையாலேயே நிரப்பினார். அந்தக் கேள்வி வந்ததும் பேனா ஒரு நிமிஷம் நின்றது.

"இங்க 'ஆமாம்'னு போட்டா, 36 மாசம் காத்திருக்கணும் இல்லையா டாக்டர்?"

"ஆமாம் சார்."

"காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு டிக் போட்டார்.

உங்கள் வீட்டு ஃபாரத்தில் என்ன எழுதியிருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.